மூடுல் மெனுவில் மாணவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால் எங்கிருந்து சரி செய்வது?

கேள்வியைச் சுருக்கி ஒரு முறை சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூடுல் ஓடுகிறது, நோட்ஸ், அசைன்மென்ட், மார்க் எல்லாவற்றையும் இணையத்தில் வைக்கும் மென்பொருள் அது. போன விடுமுறையில் பழைய 3 வரிசைப் பதிப்பிலிருந்து 4-க்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகும் "அசைன்மென்ட் எங்கே போடுவது", "இன்டர்னல் மார்க் எங்கே இருக்கிறது" என்று மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மேல் மெனுவில் இன்னும் என்னென்ன சேர்க்கலாம், காசு கொடுத்து ஒரு தீம் (தளத்தின் தோற்றத்தை மாற்றும் பொதி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீம் வாங்காதீர்கள். மெனுவில் எதையும் சேர்க்கவும் வேண்டாம், இப்போதைக்கு. பத்து வருடத்துக்கு மேலாக மூடுல் தளங்களை நிர்வகித்துக்கொண்டிருக்கிறேன், இதே புகார் வந்த இடங்களில் பெரும்பாலும் கோளாறு மேல் மெனுவில் இல்லை, பாடப் பக்கங்களுக்குள் இருந்தது. ஒரு மாணவிக்கு ஒரு செமஸ்டரில் ஆறு பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியர் வாரம் வாரமாக அடுக்கியிருப்பார், இன்னொருவர் யூனிட் வாரியாக, மூன்றாமவர் நோட்ஸ் எல்லாம் ஒரு பகுதி, வீடியோ எல்லாம் ஒரு பகுதி, அசைன்மென்ட் எல்லாம் கடைசியில் என்று, நான்காமவர் எல்லாவற்றையும் மேலே பொதுப் பகுதியிலேயே கொட்டிவிட்டுப் போயிருப்பார். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான அடுக்குதான். ஆனால் அந்த மாணவிக்கு அது ஒரு மென்பொருள் இல்லை, ஆறு மென்பொருள். ஒன்றில் கற்றுக்கொண்ட வழி அடுத்ததில் செல்லாது. அவள் வாட்ஸ்அப்பில் கேட்பது சோம்பலால் அல்ல, அதுதான் அவளுக்கு வேகமான வழி.

இதை ஆசிரியர்களிடம் சொன்னால் "என் பாடத்தை எப்படி நடத்துவது என்று கம்ப்யூட்டர் சென்டர் சொல்ல வேண்டுமா" என்று வருத்தப்படுவார்கள். வருத்தம் நியாயம்தான். பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதில் யாரும் தலையிடவில்லை, எந்தப் பொருள் எந்த அலமாரியில் என்பது மட்டும்தான் பேச்சு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையில் 2008-லிருந்தே இது ஒரு விதியாக இருக்கிறது: ஒரு தளத்தின் பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் வழிகாட்டிப் பகுதிகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையில் வர வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர் திரைவாசிப்பானில் கேட்டுக்கொண்டு போகும்போது இந்த வரிசை மாறினால் அவர் தொலைந்தே போய்விடுவார். பாடப் பக்கத்தின் உள் அடுக்குக்கு அந்த விதி எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாது, ஆனால் காரணம் அதே காரணம்.

சரி, எங்கே தொடங்குவது? ஐந்து மாணவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஐந்து பேர் போதுமா என்று கல்லூரிக் கமிட்டியில் யாராவது கேட்பார்கள். மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் கணக்குப் போட்டுக் காட்டிய விஷயம் இது: ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 விழுக்காடு வெளியே வந்துவிடும், அதற்கு மேல் ஒவ்வொருவரும் ஏற்கெனவே பார்த்ததையே பெரும்பாலும் திரும்பக் காட்டுவார்கள். அது சராசரிக் கணக்கு, எல்லா இடத்திலும் அதே எண் வராது, ஆனால் உங்கள் வேலைக்குத் தாராளம். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கூப்பிடாதீர்கள். தமிழ் இலக்கியம், வணிகவியல், முதலாம் ஆண்டு, போனில் மட்டுமே பார்ப்பவர்கள், இப்படிக் கூப்பிடுங்கள்.

அவர்களிடம் கொடுக்கும் வேலையில் மெனுவில் உள்ள சொல் வரவே கூடாது. "கிரேட்ஸ் பக்கத்துக்குப் போ" என்று சொன்னால் அது எழுத்துக்கூட்டிப் படிக்கும் சோதனை ஆகிவிடும். "போன வாரம் எழுதிய க்விஸ்ஸில் உனக்கு எத்தனை மார்க், கண்டுபிடித்துச் சொல்" என்று கேளுங்கள். "இந்த வாரம் எதையெல்லாம் சமர்ப்பிக்கணும்?", "நேற்று வரலாறு மேடம் போட்ட நோட்ஸை எடு", "நீ அனுப்பிய அசைன்மென்ட்டில் பக்கம் மாறிப்போச்சு, திரும்ப அனுப்பு". அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. கை தன்னால் நீளும், "அதோ அங்கே" என்று சொல்ல. சொல்லாதீர்கள். முதல் தொடுகை எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறார்கள், எதைப் படித்துவிட்டுத் தயங்குகிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் மார்க் கண்டுபிடிக்கச் சொன்னேன். போன் திரையில் மேலே ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்து இருந்த வட்டம், அதைத் தொட்டால் வரும் பட்டியலில்தான் எல்லாப் பாடத்தின் மதிப்பெண்ணும் இருக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. பாடத்துக்குள் போனாள், பெயர்ப் பட்டியல் பக்கத்தைத் திறந்தாள், வகுப்புத் தோழிகளின் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள், தன் பெயரைத் தொட்டாள், அங்கே தன் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. வெளியே வந்து க்விஸ்ஸைத் தேடினாள், கிடைத்தது, அதன் மேல் தொட்டாள், அங்கே மார்க் இருந்தது. நான்கு நிமிடம் ஆனது. "அந்த வட்டத்தை ஏன் தொடவில்லை?" என்று பிறகு கேட்டேன். "அது லாக் அவுட் சார், தொட்டா வெளியே போயிரும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் பார்த்த மற்ற இடங்களில் அந்த வட்டம் அதற்குத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை ஓரத்தில் எழுதியிருக்கும் வருகைப் பதிவு மாதிரி எப்போதும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டிய ஒன்றை, பையின் உள்ஜிப்பில் வைத்திருக்கிறோம்.

மேல் மெனுவில் சேர்க்க வேண்டியது என்று நான் சொல்லும் ஒரே பொருள் அதனால் இதுதான்: "என் மார்க்". தள நிர்வாகத்தில் அப்பியரன்ஸ் பகுதியின் தீம் அமைப்பில் கஸ்டம் மெனு ஐட்டம்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். ஒரு வரிக்கு ஒரு இணைப்பு, முதலில் காட்ட வேண்டிய பெயர், ஒரு செங்குத்துக் கோடு, பிறகு முகவரி. எல்லாப் பாட மதிப்பெண்ணும் வரும் பக்கத்தைத் திறந்து அதன் முகவரியை எடுத்துப் போடுங்கள். நான்காவது இடத்தில் மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் தமிழில் பார்ப்பவருக்குத் தமிழ்ப் பெயரும் ஆங்கிலத்தில் பார்ப்பவருக்கு ஆங்கிலப் பெயரும் வரும்படி இரண்டு வரி எழுதலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது 4-ஆம் பதிப்பு என்ன மாற்றியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பழக்கத்தில் எழுதிய கையேட்டையே உங்கள் கல்லூரியில் இன்னும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் 2002-இல் மூடுல் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து பக்கத்தின் ஓரங்களில் பெட்டி பெட்டியாக அடுக்குவதுதான் அதன் அடையாளமாக இருந்தது. 2016 டிசம்பரில் 3.2 வந்தபோது பூஸ்ட் என்ற புதிய தீமில் இடப்பக்கம் இழுப்பறை மாதிரி ஒரு மெனுவும், அமைப்புகளுக்கு ஒரு பல்சக்கர ஐகானும் வந்தன. அந்தச் சக்கரத்துக்குள் என்ன இருக்கும் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும், ஆசிரியர்கள் அதில்தான் அதிகம் தடுமாறினார்கள். 2022 ஏப்ரலில் வந்த 4.0 அதை உடைத்து மூன்று தட்டாகப் பிரித்தது. மேலே தளம் முழுவதற்கும் ஒரு வரிசை: முகப்பு, டாஷ்போர்டு (மாணவரின் சொந்த முதல் பக்கம்), என் பாடங்கள். பாடத்துக்குள் போனால் தலைப்புக்குக் கீழே இரண்டாவது வரிசை: பாடம், பங்கேற்பாளர்கள், மதிப்பெண், இப்படி. இடப்பக்கம் பாடத்தின் உள்ளடக்கப் பட்டியல். தளம், பாடம், பாடத்துக்குள் ஒரு பொருள் என்று மூன்று கேள்விக்கும் மூன்று இடம். நல்ல வேலை அது, மனதாரச் சொல்கிறேன். அதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது, தீம் வாங்க வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த உள்ளடக்கப் பட்டியல் நீங்கள் வைக்கும் பெயரைத்தான் காட்டும். ஒடுக்கமான பட்டை அது. "தேர்ட் பிஎஸ்சி ஈவன் செமஸ்டர் யூனிட் ஒன் ஃபைனல் நியூ 2" என்று கோப்புப் பெயரையே அப்படியே விட்டிருந்தால் மாணவி படிக்க வேண்டிய "யூனிட் ஒன்" என்பது மடிந்து மடிந்து மூன்றாவது வரிக்குப் போய்விடும், பட்டியலில் எல்லா வரியும் ஒரே மாதிரித் தொடங்கும். வேறுபடுத்தும் சொல் முதலில் வர வேண்டும். "யூனிட் 1 நோட்ஸ்: சங்க காலம்" போதும். எந்த வகுப்பு, எந்த செமஸ்டர் என்பது பாடத்தின் பெயரிலேயே இருக்கிறது, ஒவ்வொரு கோப்பும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

அசைன்மென்ட் பெயரிலும் இதே கவனம் வேண்டும். டாஷ்போர்டில் டைம்லைன் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அடுத்தடுத்து எதற்கெல்லாம் கடைசித் தேதி வருகிறது என்று எல்லாப் பாடத்தையும் சேர்த்துக் காட்டும். என்னைக் கேட்டால் மாணவருக்கு மொத்த மூடுலிலும் இதுதான் மிகப் பயனுள்ள இடம், "இன்னைக்கு என்ன செய்யணும்" என்ற கேள்விக்கு அங்கே நேராகப் பதில் இருக்கிறது, மெனுவுக்கே போக வேண்டாம். ஆறு ஆசிரியர்களும் "அசைன்மென்ட் 1" என்று பெயர் வைத்தால் அங்கே "அசைன்மென்ட் 1" ஆறு முறை வரும், கீழே சின்ன எழுத்தில் உள்ள பாடப் பெயரைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. கடைசித் தேதியை அதற்கான கட்டத்தில் போடாமல் விளக்கத்தில் "வரும் வெள்ளிக்குள் அனுப்பவும்" என்று எழுதிவிடுவார்கள். மென்பொருளுக்கு அது வெறும் வாக்கியம். டைம்லைனில் வராது, நாட்காட்டியில் வராது, நினைவூட்டலும் போகாது. "டைம்லைன் காலியாத்தான் இருக்கும் சார், அதைப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல" என்று ஒரு மாணவர் சொன்ன பிறகுதான் ஒரு தளத்தில் இதைக் கண்டுபிடித்தேன், போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட அசைன்மென்ட்டில் தேதிக் கட்டத்தை அணைத்து வைத்திருந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி வகுப்புதான் நடத்த முடியும் என்றால் இந்தக் கட்டத்தைப் பற்றி நடத்துங்கள். கூடவே உள்நுழைந்ததும் டாஷ்போர்டு திறக்கும்படி தள அமைப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கமிட்டியில் நிச்சயம் இன்னொன்று எழும்: "மெனுவில் ஏழு ஐட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாதாமே." உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அவர் பேசியது நினைவில் வைத்திருப்பது பற்றி. மெனு கண் முன்னே இருக்கிறது, யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏழுக்குள் அடக்குகிறேன் என்று உள்ளுக்குள் உள்ளாக மடித்துக்கொண்டே போனால்தான் கெடுதல். கெவின் லார்சனும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் மேரி செர்வின்ஸ்கியும் 1998-இல் ஒரு சோதனை செய்தார்கள்: 512 பொருள்களை எட்டு, எட்டு, எட்டு என்று மூன்று தட்டாகவும், 16-க்குள் 32, 32-க்குள் 16 என்று இரண்டு தட்டாகவும் அடுக்கித் தேடச் சொன்னார்கள். மூன்று தட்டில் தேடியவர்கள்தான் மெதுவாக இருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் "இதற்குள்தான் இருக்குமோ" என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஒரு முறை ஊகம் தப்பினால் திரும்பி வர வேண்டும். ஆகவே பாடப் பக்கத்தில் யூனிட், அதற்குள் பொருள், அவ்வளவுதான். கோப்புறைக்குள் கோப்புறை வேண்டாம். 4.5 பதிப்பில் உட்பகுதி வசதி வந்திருக்கிறது, பெரிய யூனிட்டுக்கு உதவும், அதற்காக எல்லா இடத்திலும் போடாதீர்கள்.

அதிகம் பயன்படுத்துவதைத் தானாக மேலே கொண்டுவரும் மெனு வேண்டும் என்றும் கேட்பார்கள். ஆஃபீஸ் 2000-இல் அப்படி ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா, அதிகம் தொடாத கட்டளைகள் மறைந்துகொள்ளும், கீழே இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் வெளிவரும். கை பழகிய இடத்தில் பொருள் இல்லாமல் போவது எவ்வளவு எரிச்சல் என்று அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். அண்மையில் திறந்தவை என்று ஒரு தனிப் பெட்டி இருக்கலாம், தப்பில்லை. மெனு மட்டும் இடம் மாறக் கூடாது.

சொற்களைப் பற்றி. "டாஷ்போர்டு" என்ற சொல் முதலாம் ஆண்டு மாணவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. தள நிர்வாகத்தில் மொழித் தனிப்பயன் (லாங்குவேஜ் கஸ்டமைசேஷன்) பக்கத்தில் போய் அந்தச் சொல்லையே மாற்றலாம், நான் ஒரு தளத்தில் "இந்த வார வேலை" என்று வைத்தேன், அதன் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தமிழாக்கப் பொதி இருக்கிறது, ஆனால் முழுமையாக இல்லை, மொழிபெயர்க்காத சொற்கள் ஆங்கிலத்திலேயே வரும், அதனால் ஒரே மெனுவில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்து நிற்கும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க உட்காராதீர்கள், மாணவர் கண்ணில் படும் முப்பது நாற்பது சொற்களை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். அதிலும் அவர்கள் வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும். "ஒப்படை" என்பது இலங்கையில் மாணவர்கள் இயல்பாகச் சொல்லும் சொல், அங்கே அதுவே சரி. தமிழ்நாட்டுக் கல்லூரியில் அதைப் போட்டால் என்னவென்று கேட்பார்கள், அங்கே "அசைன்மென்ட்" என்று எழுதுவதில் எந்தத் தப்பும் இல்லை. தமிழ் மீது எனக்கு அக்கறை உண்டு, அதனால்தான் சொல்கிறேன், தமிழ்த் திரை புரியாமல் போனால் மாணவர் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பவே மாட்டார்.

தமிழில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் அகலம். பாடத்தின் இரண்டாவது வரிசை மெனுவில் இடம் போதாவிட்டால் மிஞ்சியவை "மேலும்" என்ற பட்டியலுக்குள் போய்விடும். "பங்கேற்பாளர்கள்" என்ற ஒரு சொல்லே போன் திரையில் பாதியை எடுத்துக்கொள்கிறது, பின்னால் உள்ள "மதிப்பெண்" மறைந்துவிடுகிறது. "வகுப்பினர்", "மார்க்" என்று சுருக்கியதும் இரண்டும் வெளியே வந்தன. மாற்றிய பிறகு உண்மையான ஒரு போனில் பாருங்கள், விலை குறைந்த போனில். மெனு பட்டையின் உயரம் குறைவாக இருந்தால் எழுத்தின் மேலே புள்ளியும் கீழே சுழியும் வெட்டுப்பட்டிருக்கும், கணினித் திரையில் அது தெரியாது.

போனில் இன்னும் இரண்டு. இடப்பக்க உள்ளடக்கப் பட்டியலும் வலப்பக்கப் பெட்டிகளும் சின்னத் திரையில் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்துவிடும், ஆகவே முக்கியமான எதையும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். மாணவர்கள் மூடுல் செயலியைப் பயன்படுத்தினால், நீங்கள் இணையதளத்தில் மாற்றிய மெனுவும் சொற்களும் அங்கே தானாக வராது. செயலிக்கென்று மெனு வரிகளும் சொல் மாற்றங்களும் தனி அமைப்புப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். "எல்லாம் மாத்திட்டோமே, இன்னும் கேட்கிறாங்களே" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல இடங்களில் காரணம் இதுதான்.

வேலையின் வரிசை என்று கேட்டால், இந்த செமஸ்டர் முடியும் வரை எதையும் இடம் மாற்றாதீர்கள். தேதிக் கட்டமும் பெயர்களும் மட்டும் இப்போதே சரி செய்யலாம், அவை யாருடைய பழக்கத்தையும் கெடுக்காது. அந்த ஐந்து பேர் சோதனையையும் இப்போதே நடத்திவிடுங்கள். விடுமுறையில் ஒரு மாதிரிப் பாடம் தயாரியுங்கள்: முதல் பகுதியில் பாடத்திட்டமும் ஆசிரியரைத் தொடர்புகொள்ளும் வழியும், பிறகு ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் நோட்ஸ், வீடியோ, அசைன்மென்ட், க்விஸ் என்ற அதே வரிசை, கடைசியில் பழைய வினாத்தாள். புதிய பாடங்களை அதிலிருந்து நகலெடுத்துத் தொடங்குங்கள், காலியான பக்கத்தைக் கொடுத்தால்தான் ஆளுக்கொரு விதமாக அடுக்குவார்கள். எந்த ஆசிரியரையும் வற்புறுத்த வேண்டாம், ஒரு துறை முழுதாக மாறினால் மற்ற துறை மாணவர்களே தங்கள் ஆசிரியர்களிடம் கேட்பார்கள். ஜூன் மாதம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்து, அதே நான்கு கேள்விகளோடு வேறு ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி பக்கத்தில் உட்காருங்கள்.